கேரவன் ஹிட்ச் போல்ட்டைக் கழற்றத் தீ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வாகனப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான, துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றுவது பற்றிய கட்டுரையின் இறுதிப் பத்தியில், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டியான கேரவனின் ஹிட்ச் ஸ்டெபிலைசரை (காரோடு இணைத்து, ஆட்டத்தை அடக்கும் கருவியை) பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கும் அதே வழிமுறை பொருந்தும் என்று எழுதப்பட்டிருந்தது. அதாவது, தீச்சுடரை வீசும் புளோலேம்ப் கொண்டு சிவக்கச் சூடேற்றுவது, கனமான சுத்தியலால் அடித்துத் தள்ளுவது, வெளியே வந்த போல்ட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கிரீஸ் தடவி அதையே திரும்பப் பூட்டுவது. தோட்டத்து இரும்புக் கதவுக்கும் பழைய காரின் சைலன்சருக்கும் இந்த முறையில் நான் குறை சொல்ல மாட்டேன். ஹிட்ச் விஷயத்தில் மூன்று படிகளுமே தவறு. முதல் படி உயிருக்கே ஆபத்தானது. பிரித்தானியப் பட்டறைகளில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அதைப் படித்துவிட்டு யாரேனும் இந்தச் சனிக்கிழமையே புளோலேம்ப்பைக் கையில் எடுத்துவிடக் கூடாதே என்ற கவலையால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம்மவர்களில் கேரவன் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் 1997 ஜனவரி 1 முதல் கார் உரிமம் பெற்றவர்கள் பெரிய டிரெய்லரை இழுக்க வேண்டுமானால் தனியாக இன்னொரு ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டும் என்றிருந்த விதி, 2021 டிசம்பர் 16 அன்று நீக்கப்பட்டது. அதன்பின் சாதாரண கார் உரிமத்தோடு 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம் என்றாகிவிட்டதால், கோடை விடுமுறையில் கிரேட் யார்மத்துக்கும் வேல்ஸ் கடற்கரைகளுக்கும் அறை வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாத குடும்பங்கள் பழைய கேரவன் ஒன்றை வாங்கிப் போடுவது அதிகரித்திருப்பதை என் சுற்றத்திலேயே பார்க்கிறேன். காருக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற சாலைத்தகுதிப் பரிசோதனை உண்டு, இந்த எடைக்குட்பட்ட கேரவனுக்கு அது கிடையாது. சாலைக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்கும் சட்டப் பொறுப்பு மட்டும் இழுத்துச் செல்பவர் தலையில் இருக்கிறது. ஆகவே, பத்துப் பன்னிரண்டு ஆண்டு பழைய வண்டியை வாங்குகிறவருக்கு அதன் ஹிட்சை முன்பு எவரேனும் கழற்றிப் பார்த்தார்களா என்பதே தெரியாமல் இருக்கும். அப்படிப்பட்டவர்தான் உராய்வுக் கட்டைகள் தேய்ந்ததையோ ஹிட்ச் ஆடுவதையோ கண்டு, அதை மாற்ற முனைந்து, அசையாத போல்ட்டின் முன்னால் போய் நிற்கிறார்.

பொருள் இன்னதென்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டையை, அதாவது டோ-பாலை, கேரவனின் முன்முனையிலுள்ள ஹிட்ச் கவ்விக்கொள்கிறது. சாதாரண ஹிட்ச் வெறுமனே கவ்வும். ஸ்டெபிலைசர் ஹிட்சோ மேலேயுள்ள நீண்ட கைப்பிடியை அழுத்தியதும் உராய்வுக் கட்டைகளால் உருண்டையை இறுக்கிப் பிடித்து, கேரவன் பாம்புபோல் நெளிந்து ஆடத் தொடங்குவதை முளையிலேயே அடக்கப் பார்க்கிறது. ஜெர்மனியின் பவேரியாவில் 1931-இல் தொடங்கப்பட்ட ஆல்-கோ நிறுவனத்தின் ஏ.கே.எஸ். 3004, வின்டர்ஹாஃப் நிறுவனத்தின் டபிள்யூ.எஸ். 3000 ஆகியவற்றையே இங்கே பெரும்பாலும் காண்கிறோம். (பாரத்தைத் தப்பும் தவறுமாக ஏற்றிவிட்டு, ஸ்டெபிலைசர் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பவர்களைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.) இந்த ஹிட்ச், கேரவனின் ஏ வடிவச் சட்டத்திலிருந்து முன்னே நீளும் குழாய் வடிவான இழுவைத் தண்டின் மீது செருகப்பட்டு, பக்கவாட்டில் ஊடுருவிச் செல்லும் இரண்டு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் எம்12 அளவு, அதாவது 12 மில்லிமீட்டர் தடிமன். ஒன்றரை டன் வண்டிக்கும் காருக்கும் இடையிலான தொடர்பு முழுவதும் இந்த இரண்டு போல்ட்டுகளின் பொறுப்பில் இருக்கிறது. அவை போனால் மிஞ்சுவது மெல்லிய பிரேக் கம்பி ஒன்றுதான். அதுவும் கேரவனின் கைபிரேக்கை இழுத்துவிட்டு அறுந்துபோவதற்கென்றே வைக்கப்பட்டது.

இவை இப்படி இறுகிப்போவதற்கு இந்த நாட்டின் குளிர்காலச் சாலைகளே முக்கியக் காரணம். பனி உறையாதிருக்க, செஷயரின் வின்ஸ்ஃபர்ட் சுரங்கம் போன்ற இடங்களிலிருந்து வரும் பாறை உப்பைச் சாலைகளில் இறைக்கிறார்கள். காரின் பின்சக்கரங்கள் வாரியடிக்கும் உப்புநீர் நேராக ஹிட்சின் மீதுதான் விழுகிறது. பிறகு வண்டி மாதக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கும்போது அந்த ஈரம் தண்டுக்கும் ஹிட்சுக்கும் இடையிலும், தண்டின் துளைக்கும் போல்ட்டுக்கும் இடையிலும் தங்கிவிடுகிறது. இரும்பு துருவாக மாறும்போது பருமன் பல மடங்கு பெருகும். வெளியே இருந்தால் செதில் செதிலாக உதிரும். மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே உள்ள இடுக்கில் உதிர இடமேது? போல்ட்டைச் சுற்றிலும் ஆப்பு வைத்ததுபோல் அடைத்துக்கொள்கிறது. வெளியே தெரியும் தலையும் நட்டும் பளபளவென்றே இருக்க, உள்ளே உடல் முழுவதும் பிடித்துப்போயிருப்பது இதனால்தான்.

கட்டுரை இரண்டு வேறு பிடிப்புகளை ஒன்றாகவே எண்ணிக்கொண்டது. நட்டு மரையில் பிடித்திருப்பது ஒன்று. நட்டு கழன்ற பின்னும் போல்ட்டின் உடல் துளையைவிட்டு வெளிவர மறுப்பது இன்னொன்று. முதலாவதற்கு மருந்து முறுக்குவிசை. இரண்டாவதற்கு முறுக்குவது தொடக்கத்தில் மட்டுமே உதவும். பின்பு அச்சின் திசையில் தள்ள வேண்டும். இங்கே பூட்டப்படுபவை பெரும்பாலும் நைலான் வளையம் பொருத்திய தானிறுக்க நட்டுகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவை புதிதாக இருக்கும்போதே கடைசி மரைவரை கனமாகத்தான் சுழலும். அதைத் துரு என்று எண்ணி, ஒழுங்காகக் கழன்றுகொண்டிருக்கும் நட்டின் மீது சுத்தியலை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி தீயைப் பற்றி. சமையலுக்கும் சூட்டுக்குமான கேஸ் சிலிண்டர்களைப் பெரும்பாலான கேரவன்களில் முன்புறப் பெட்டியில்தான் வைக்கிறார்கள். ஹிட்சிலிருந்து கையெட்டும் தூரத்தில் அது இருக்கிறது. புரொபேன் வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது என்பதால், கசிந்தால் கீழே இறங்கி வெளியேறட்டும் என்று அந்தப் பெட்டியின் அடித்தளத்திலேயே துளைகள் விட்டிருப்பார்கள். குனிந்து நின்று நாம் தீயைப் பிடிக்கும் இடமும் அந்தத் துளைகளுக்கு அருகில்தான். சிலிண்டரை வேறிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் ஆயிற்று என்பார்கள். வைத்தாலும் தீர்வதில்லை. இழுவைத் தண்டுக்குள் பிரேக் போடும்போது வரும் குலுக்கலைத் தாங்கும் மூடிய டேம்பர் ஒன்று இருக்கிறது. உள்ளே அழுத்தமும் எண்ணெயும் கொண்ட அந்த உருளையைச் சூடேற்றினால் வெடிக்கக்கூடும். தண்டின் மேல் ரப்பர் உறை, உள்ளே கிரீஸ், சுற்றிலும் நாம் தெளித்த எண்ணெய், எல்லாமே எரிபவை. பிரேக் துலக்கும் திரவங்களில் குளோரின் கலந்த வகையைத் தெளித்த இரும்பைச் சூடாக்கினால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். முதல் உலகப்போரில் மனிதர்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயுதான். இவற்றோடு, ஹிட்சுக்குள்ளே உள்ள உராய்வுக் கட்டைகளும் கருகிக் கெடும். தீயில்லாமல் மின்காந்தச் சுருளால் சூடேற்றும் கருவி பட்டறைகளில் இருப்பது உண்மைதான். அதைக்கூட நட்டின் மீது நொடிக்கணக்கில் பயன்படுத்துவார்களே தவிர, டேம்பரைத் தாங்கும் தண்டைப் பழுக்கக் காய்ச்ச மாட்டார்கள்.

வேலையைத் தொடங்குமுன் கேரவனைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். நெம்புகோலால் பலம்கொண்டு இழுக்கும்போது வண்டியின் முன்பகுதியே ஆடும் என்பதால், முன்னால் உள்ள சிறு சக்கரத்தை மட்டும் நம்பாமல் ஏ வடிவச் சட்டத்தின் கீழே உறுதியான தாங்கியைக் கொடுக்க வேண்டும். கேஸ் சிலிண்டர்களை மூடிக் கழற்றி அப்புறப்படுத்துவது, தீ பயன்படுத்தாத போதும் நல்லது. பிளாஸ்டிக் மூடிகளை எடுத்துவிட்டு, போல்ட்டின் இரு முனைகளையும், முக்கியமாக நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையையும் கம்பித் தூரிகையால் துலக்க வேண்டும். அந்த மரையில் அப்பியிருக்கும் துருவைத் தாண்டித்தானே நட்டு வெளியே வர வேண்டும்.

ஹிட்சை மாற்றாமல் திரும்பப் பயன்படுத்தப்போகிறவர்கள், எண்ணெய் போடுவதற்கு முன் உராய்வுக் கட்டைகளைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். உருண்டை உட்காரும் குழியைத் துணியால் நன்றாக அடைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடலாம். எண்ணெய் ஊறிய கட்டைக்குப் பிடிப்பே இராது. மேலோட்டமான அழுக்கென்றால் உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுக்கலாம், ஊறிவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஸ்ப்ரே டப்பாவுடன் வரும் மெல்லிய குழாயைச் செருகி, நட்டின் விளிம்பிலும், தலைக்கடியிலும், ஹிட்சுக்கும் தண்டுக்கும் இடையிலான இடுக்கிலும் சிறிது சிறிதாக விட வேண்டும். டபிள்யூ.டி.-40 எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அந்த நீலமஞ்சள் டப்பாவில் இருப்பது ஈரத்தை விரட்டுவதற்காக 1953-இல் அமெரிக்காவில் உருவாக்கிய திரவம். இடுக்கில் ஊடுருவுவதற்கென்றே செய்த பிளஸ் கேஸ் போன்ற எண்ணெய்கள் இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்கின்றன. கியர் எண்ணெயில் அசிட்டோனைக் கலந்து வீட்டிலேயே தயாரிக்கும் கலவையைச் சிலர் புகழ்கிறார்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், பெயின்டையும் உரித்துவிடும். எனக்கு அதில் ஆர்வமில்லை.

எந்த எண்ணெயானாலும் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும், கட்டுரை சொல்லாமல் விட்ட பெரிய விஷயம் இது. காலையில் தெளித்து மாலையில் கழற்றுவது அதிர்ஷ்டம். சில நாட்கள் முன்னதாகவே தொடங்கி, காலையும் மாலையும் சிறிது விட்டு, ஒவ்வொரு முறையும் போல்ட்டின் தலையில் மிதமான சுத்தியலால் நேராக நாலைந்து தட்டுத் தட்டினால், அந்த அதிர்வில் துருவில் மயிரிழை விரிசல்கள் விழுந்து, எண்ணெய் அவற்றின் வழியே இறங்கும். பலமாக அடிப்பதற்கு அது இடமல்ல. சூடேற்றுவதற்கு மாற்றாக, போல்ட்டை நொடிகளில் உறையவைத்துச் சுருங்கச் செய்யும் குளிர்விப்பு ஸ்ப்ரேக்களும் கடைகளில் உண்டு. தடித்த தண்டுக்குள் இருக்கும் போல்ட்டில் அவற்றின் பலன் குறைவுதான் என்றாலும், தீயைவிட ஆயிரம் மடங்கு பாதுகாப்பானவை. வெளியே துருத்தி நிற்கும் நட்டில் முயன்று பார்ப்பதில் தவறில்லை. அந்த ஸ்ப்ரேக்களிலும் தீப்பற்றும் வாயு உண்டு என்பதால் திறந்த வெளியில்தான் பயன்படுத்த வேண்டும்.

நட்டைத் திருப்பும்போது ஸ்பேனரின் அளவை முதலில் கவனிக்க வேண்டும். எம்12 போல்ட்டின் தலை பழைய ஜெர்மன் தரப்படி 19 மில்லிமீட்டர், பின்னால் வந்த பன்னாட்டுத் தரப்படி 18. இரண்டுமே கடைகளில் புழங்குகின்றன. 18 தலையில் 19 சாக்கெட்டைப் போட்டு இழுத்தால் முனைகள் மழுங்கி, பத்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம். பக்கங்கள் முழுவதையும் பற்றும் ஆறுமுனை சாக்கெட்டே வேண்டும். போல்ட்டின் தலையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை நீண்ட கைப்பிடியால் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரளவு அசைத்துவிட்டு, அதன்பின் கழற்றும் பக்கம் இழுக்க வேண்டும். இறுக்கும் திசையில் அந்தச் சிறு அசைவு கிடைத்துவிட்டால் துருவின் பிடி உடைந்தது என்று பொருள். நட்டு கொஞ்சம் நகர்ந்ததும் ஒரே மூச்சில் கழற்றிவிட முயலாமல், அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுபோனால் மரைக்கிடையில் சிக்கிய துரு வெளியே வந்துவிடும். முனை மழுங்கிவிட்ட நட்டோடு போராட வேண்டியதில்லை, நட்டை இரண்டாகப் பிளக்கும் கருவி மலிவாகக் கிடைக்கிறது. எப்படியும் அந்த நட்டை வீசி எறியத்தான் போகிறோம்.

உண்மையான சங்கடம் நட்டு போன பிறகுதான். தலையில் ஸ்பேனரை மாட்டிப் போல்ட்டைச் சுழற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சுழன்றால் பாதி வேலை முடிந்தது. சுழற்றிக்கொண்டே எண்ணெய் விட்டு, மறுமுனையிலிருந்து மெல்லத் தள்ளினால் வந்துவிடும். சுழலாவிட்டால், பழைய நட்டு ஒன்றைப் போல்ட்டின் முனையோடு சமமாக வரும்வரை திருகிவிட்டு அதன் மீதுதான் தட்ட வேண்டும். வெறும் மரையில் அடித்தால் முனை காளான் குடைபோல் விரிந்து, பிறகு எந்தத் துளை வழியாகவும் போகாது. சுத்தியலைவிட எனக்குப் பிடித்தது திருகுக் கவ்வி. போல்ட்டின் தலை உள்ளே புகும் அளவுக்குப் பெரிய சாக்கெட் ஒன்றைத் தலைப்பக்கம் ஹிட்சின் மீது அணைத்துவைத்து, பலமான ஜி வடிவக் கவ்வியின் ஒரு தாடையை அந்தச் சாக்கெட்டிலும் மறு தாடையைப் போல்ட்டின் மரைமுனையிலும் பொருத்தி இறுக்கினால், போல்ட் சாக்கெட்டுக்குள் ஏறிவரும். விசை முழுவதும் அச்சின் வழியே போவதால் குழாய்த் தண்டு நசுங்காது, டேம்பருக்கும் அடி விழாது. கவ்வியை இறுக்கியபடியே விட்டுத் தலையில் ஒரு தட்டு, மறுபடி ஒரு சுற்று இறுக்கம் என்று போனால், பிடிவாதமான போல்ட்டும் சட்டென்ற ஒலியோடு அசைவதைக் கேட்கலாம். அந்த ஒலியை எதிர்பார்த்திருங்கள், ஏதோ உடைந்துவிட்டதென்று பதற வேண்டாம். முனை ஹிட்சுக்குள் மறைந்த பின், போல்ட்டைவிடச் சற்றே மெலிந்த, 11 மில்லிமீட்டர் கம்பி கொண்டு மிச்சத்தைத் தள்ளலாம்.

அந்தக் கம்பியை உடனே உருவிவிடக் கூடாது. பல மாதிரிகளில் பின்புறப் போல்ட், தண்டையும் ஹிட்சையும் மட்டுமன்றி, உள்ளே இருக்கும் டேம்பரின் முன்முனைக் கண்ணையும் ஊடுருவிச் செல்கிறது. உண்மையில் அது பிடித்துக்கொள்வதே பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குள்தான். போல்ட்டை உருவியதும் டேம்பர் குழாய்க்குள் பின்வாங்கிவிட்டால், அதைத் திரும்பத் துளைக்கு நேராகக் கொண்டுவருவது பெரும் தொல்லை. ஆகவே போல்ட் ஒருபுறம் வெளியே வரவர, தள்ளும் கம்பி மறுபுறத்திலிருந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். ஹிட்சை உருவி எடுப்பதற்காகக் கம்பியை, தண்டின் அகலத்துக்கு மேல் நீளாத துண்டாக வெட்டிவைத்துக்கொள்வது வழக்கம். புதிய போல்ட்டை நுழைக்கும்போது அந்தத் துண்டு தானே மறுபுறம் வெளியே விழும். கட்டுரையில் சொன்னபடி கனமான சுத்தியலால் ஓங்கி அடித்துத் தள்ளுகிறவருக்கு டேம்பர் உள்ளே போன செய்தி, புதிய போல்ட் நுழையாதபோதுதான் தெரியவரும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் வெட்டுவதுதான் வழி. இங்கே எதைக் காப்பாற்றுகிறோம், எதைத் தியாகம் செய்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பழைய ஹிட்சைத் தூக்கி எறியப்போகிறீர்கள் என்றால், போல்ட்டின் தலையையும் ஹிட்சின் பக்கச் சுவரையும் தாராளமாக அறுக்கலாம். இழுவைத் தண்டில் மட்டும் ஒரு கீறல்கூட விழக் கூடாது. அந்தக் கீறல்தான் பின்னால் விரிசலாக வளரும். அறுக்கும் கிரைண்டரின் தீப்பொறி விஷயத்தில், கேஸ் பெட்டியைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். எண்ணெயில் ஊறிய இடத்தில் கைரம்பமே மேல். துளையிட்டு எடுப்பதானால் கோபால்ட் கலந்த துளையூசியும், குறைந்த வேகமும், வெட்டு எண்ணெயும், நடுவில் சரியாகக் குத்திய புள்ளியும் வேண்டும். மெல்லிய ஊசியில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். முறிந்த போல்ட்டுக்குள் திருகி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை மிகக் கடினமான எஃகால் ஆனவை. உள்ளே முறிந்தால் சாதாரண ஊசி எதுவும் அவற்றைத் துளைக்காது.

போல்ட் வெளியே வந்ததும் துளைகளைத் துலக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வட்டம் நீள்வட்டமாக இழுபட்டிருந்தாலோ, தண்டில் விரிசலோ ஆழமான துருக்குழியோ தென்பட்டாலோ, புதிய ஹிட்சைப் பூட்டுவதில் பொருளில்லை. தண்டையே மாற்ற வேண்டும்.

பழைய போல்ட்டைத் துலக்கித் திரும்பப் பூட்டலாம் என்ற யோசனையைத் தங்கள் இதழ் திரும்பப் பெற வேண்டும் என்பதே என் முதன்மையான வேண்டுகோள். துரு அரித்த போல்ட் மெலிந்திருக்கும்; முறுக்கி இழுத்ததில் நீண்டும் இருக்கலாம். நைலான் நட்டின் பிடிப்போ ஒருமுறை கழற்றியதும் குறைந்துவிடுகிறது. இரண்டும் புதிதாக, ஹிட்ச் தயாரிப்பாளர் குறிப்பிடும் நீளத்திலும் தரத்திலும் இருக்க வேண்டும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், முதல் எண், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை வரை தாங்கும் என்பதையும், இரண்டாவது எண், அதில் 80 விழுக்காடான 640-ஐத் தாண்டினால் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதையும் குறிக்கிறது. இனியாவது துருப்பிடிக்காதிருக்கட்டும் என்று துருவேறா எஃகில் போல்ட் வாங்கிவருபவர்கள் உண்டு. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 450-லேயே நீளத் தொடங்கிவிடும். அதோடு அந்த எஃகில் மரையும் மரையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணமும் இருப்பதால், அடுத்த முறை இதைவிடப் பெரிய தொல்லையாகும். முழு நீளமும் மரை வெட்டிய போல்ட்டும் ஆகாது. தண்டுக்குள் பாரம் தாங்கும் இடத்தில் மரையற்ற வழவழப்பான உடல்தான் இருக்க வேண்டும்.

கிரீஸ் தடவுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மரையில் கிரீஸ் பட்டால் உராய்வு குறைந்து, அதே முறுக்குவிசைக்குப் போல்ட் அதிகமாக இழுபடும். உலர்ந்த மரைக்கென்று கையேட்டில் குறித்த அளவு அப்போது பொருந்தாது. துருவைத் தடுக்கும் பசையைத் துளைக்குள் இருக்கும் உடல்பகுதியில் மட்டும் மெல்லியதாகப் பூசி, மரையைச் சுத்தமாக விட்டு, முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். எம்12-க்குப் பொதுவான அட்டவணைகளில் 80-ஐ ஒட்டிய நியூட்டன்-மீட்டர் அளவுகளைக் காணலாம். அவற்றைப் பார்த்து இறுக்காமல், அந்த ஹிட்சின் கையேடு என்ன சொல்கிறதோ அதையே பின்பற்ற வேண்டும். முதல் பயணத்துக்குப் பின் ஒருமுறை சரிபார்ப்பதும் அவசியம். டோ-பாலில் கிரீஸ் தடவும் பழக்கம் சாதாரண ஹிட்சுக்கு உரியது. ஸ்டெபிலைசர் ஹிட்ச் இருந்தால் உருண்டை கிரீஸும் பெயின்டும் இல்லாமல் வெறும் எஃகாக இருக்க வேண்டும்.

இவற்றைக் கையில் எடுக்கத் தயங்குகிறவர்கள் தயங்குவதே சரி. கேரவன் சங்கங்களும் தயாரிப்பாளர் சங்கமும் சேர்ந்து நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட பட்டறைகள் திட்டத்தில் நாடெங்கும் பட்டறைகள் இருக்கின்றன. வீட்டுக்கே வந்து வேலை செய்யும் பொறியாளர்களும் அதில் உண்டு. தொலைபேசியில் நேரம் கேட்கும்போதே போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன என்பதையும், எந்த எண்ணெயை எத்தனை நாளாக விட்டிருக்கிறீர்கள் என்பதையும், எவரேனும் முன்பு சூடேற்றியதுண்டா என்பதையும் சொல்லிவிட்டால், அவர்கள் அதற்கேற்ற கருவிகளோடும் புதிய போல்ட்டுகளோடும் வருவார்கள். சூடேற்றப்பட்ட தண்டு என்று தெரிந்தால் டேம்பரையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். அந்தச் செலவுக்கு மறுப்புச் சொல்லாதீர்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஃபிட்டர், தங்கள் வாசகர்
ஹரோ, லண்டன்